வால்ட்டர் பெண்டாட்டி

“சியாப்பா நாமா?” என்று கேட்டாள் அந்தப் பெண். பேர் என்ன என்று மலாயில் கேட்கிறாள்.

நான் போனைக் காதில் வைத்தபடி நின்றேன். கூடத்தில் ஃபேன் டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. ஈப்போ ஜெலாப்பாங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பட்டறை. அங்கே யாரோ இரும்பை அறுத்தார்கள். பல் கூசியது. பக்கத்து வீட்டு முத்தம்மா அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என் வீட்டுக்காரரு,” என்றேன்.

“வீட்டுக்காரருதான் மாக்சிக். அவரு பேரு என்ன?” மாக்சிக் என்றால் மலாயில் அத்தை.

“அங்க பாய்லர் ஓட்டுறாரு. மலேசியாவில இருந்து வந்தவரு.”

“பேரு, மாக்சிக். பேரு.”

அவள் இருப்பது பாப்புவா நியூ கினியில், கடலோரத்துச் செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றின் ஆபீசில். அவளுக்கு அவசரம். எனக்கு அவளைவிட அவசரம். என் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரிந்துகொள்ளத்தான் கூப்பிட்டிருக்கிறேன். ஆனால் அவர் பேரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இளவட்டங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். அவர் அந்த வயதில் அங்கே ஏன் போனார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதுவரை அந்தப் பெண் போனில் காத்திருக்கட்டும்.

குக்கருக்கு மேலதிகாரி

சுங்காய்ப் பக்கம் நாங்கள் இருந்த தோட்டத்தில் முதலில் ரப்பர்தான். நான் பால்மரம் சீவினவள். பிறகு ரப்பரை வெட்டிச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார்கள், ஆலை கட்டினார்கள். என் வீட்டுக்காரர் அந்த ஆலையில் விறகு தள்ளுகிற வேலையில் சேர்ந்து, அரசாங்கச் சோதனை எழுதி, பாய்லர் ஓட்டுகிற லைசென்ஸ், நாங்கள் டிக்கெட் என்போம், வாங்கியவர். வயது முடிந்து வீட்டுக்கு அனுப்பும் வரை அந்த ஒரு பாய்லரோடுதான் குடித்தனம். என்னோடு இருந்தது மீதி நேரத்தில்.

பணி ஓய்வு பெற்றதும் ஈப்போவுக்கு, மகன் குமார் வீட்டுக்கு வந்தோம். ஒரு பாய்லர்காரரை வீட்டில் வைத்துக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் பருப்பு வேக வைத்தால் குக்கர் பக்கத்தில் வந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

“இப்ப நிப்பாட்டாத. இன்னும் ஏறணும்.”

“இது பருப்புங்க. பாய்லர் இல்ல.”

“பிரஷர்னா பிரஷர்தான்லா.”

ஒரு நாள் குக்கர் மூடியைத் திருப்பி, அதன் வால்வில் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் சாமி கண்ணைத் திறந்தது. ஆலையில் அவரோடு இருந்த பழைய இன்ஜினியர் ஒருவர் போன் செய்தார். பாப்புவா நியூ கினியில் ஓர் ஆலைக்கு டிக்கெட் உள்ள ஆள் வேண்டுமாம். உள்ளூர்ப் பையன்களுக்கு வேலை சொல்லிக் கொடுக்க வேண்டும், ஒரு வருஷம்.

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

“போயிட்டு வாங்க,” என்றேன். “குக்கர் உங்கள நெனச்சி அழும். நான் சமாதானம் சொல்லிக்கிறேன்.”

பஸ் ஏறுகிற இடத்தில் அவர் பையின் வாரை நாலு தடவை இழுத்து இழுத்துச் சரிசெய்தார். வார் முதலிலிருந்தே சரியாகத்தான் இருந்தது. 

சக்கரையும் கூலாவும்

இப்போது பேர் விஷயத்துக்கு வருகிறேன்.

புருஷன் பேரைப் பெண்டாட்டி சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும். இதை எனக்குச் சொன்னவர் என் மாமியார். கல்யாணமான இரண்டாம் நாள், தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் பல் விளக்கிக்கொண்டே சொன்னார். வாயில் கரியோடு ஒருவர் இப்படிச் சொன்னால் பயமாகத்தான் இருக்கும்.

என் மாமனார் பேர் சக்கரை. மாமனார் பேரையும் மருமகள் சொல்லக்கூடாதுதான். எழுதலாமா கூடாதா என்று யாரும் சொல்லி வைக்கவில்லை, அதனால் எழுதுகிறேன். அவர் பேர் அப்படி இருந்ததால் மாமியார் ஆயுசு பூராவும் சக்கரையைச் சக்கரை என்று சொன்னதில்லை. “கூலா” என்றுதான் சொல்வார். கூலா போட்ட டீ, கூலாப் பொங்கல், கடைசிக் காலத்தில் உடம்பில் கூலா வியாதி. மலாய் மொழியால் எங்கள் வீட்டில் அதிகம் பயனடைந்தவர் அவர்தான்.

எனக்கு அந்த வசதி இல்லை. கல்யாணமான புதிதில் அவரைக் கூப்பிட வேண்டுமானால் வாளியைத் தட்டுவேன். குமார் பிறந்த பிறகு “குமாரு அப்பா” வந்தது. வாளிக்கும் ஓய்வு கிடைத்தது.

ஆஸ்பத்திரியிலும் பள்ளிக்கூடத்திலும் புருஷன் பேர் கேட்பார்கள். அதற்கென்றே அவருடைய ஐசியின், அதாவது அடையாள அட்டையின், நகலை மடித்து மணிபர்சில் வைத்திருப்பேன். கேட்டதும் எடுத்து நீட்டுவேன். ஒரு தடவை, குமார் பிறந்த சமயம், நகல் கையில் இல்லை. நர்ஸ் கேட்டுக்கொண்டே இருந்தாள். “வெளிய மரத்தடியில ஒருத்தரு நின்னுக்கிட்டு பீடி குடிக்கிறாரு பாருங்க, அவர்கிட்டயே கேளுங்க,” என்றேன். நர்ஸ் ஜன்னல் வழியாகக் கத்திக் கேட்டாள். அங்கே மூன்று பேர் பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பேரும் பேர் சொன்னார்கள்.

எங்கள் மருமகள் வதனி அப்படியில்லை. ஈப்போவிலேயே பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பிள்ளை, பேங்கில் வேலை. மாடியிலிருந்து, “குமார்! குப்பையை வெளியில வைச்சாச்சோ?” என்று கத்துவாள். முதல் தடவை கேட்டபோது ஓடிப்போய் மகனைத் தொட்டுப் பார்த்தேன். பத்து வருஷமாகக் கத்துகிறாள். என் மகனுக்கு ஆயுசு குறைந்த மாதிரி தெரியவில்லை. எடைதான் கூடியிருக்கிறது.

இதையெல்லாம் பார்த்தும் நீ ஏன் மாறவில்லை என்று கேட்பீர்கள். எனக்கு அந்தப் பேச்சில் முழு நம்பிக்கை ஒன்றும் கிடையாது. ஆனால் சோதித்துப் பார்க்க என்னிடம் இருப்பது ஒரே ஒரு புருஷன்.

ஒரு டிக்

அவர் அங்கே போன பிறகு தினமும் சாயங்காலம் வாட்சாப்பில் முகம் காட்டுவார். பாதி முகம், பாதிக் கூரை. “சாப்டியா?” என்பார். “சாப்டேன்” என்பேன். “மழயா?” என்பார். “மழதான்” என்பேன். அதற்கு மேல் என்ன பேசுவது? அதையே ஏழு மாதம் பேசினோம்.

தீபாவளிக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது ஒரு சாயங்காலம் அவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நான் அனுப்பிய குரல் செய்திகளுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு டிக்தான் நின்றது. இரண்டாவது டிக் விழவே இல்லை.

“அங்க லைன் போயிருக்கும் மாமி, மழைக் காலம்தானே,” என்றாள் வதனி. குமாரும் அதையே சொன்னான். இரண்டு பேரும் சொல்லிவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதை நான் பார்த்துவிட்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம். குமார் தொழிற்சாலையில், அங்கே உள்ளே போகும்போதே போனை வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள். வதனி பேங்கில் கூட்டத்தில். நானும் முத்தம்மா அக்காவும் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தோம். அக்கா கடலோர மீன்பிடி ஊரான ஹுத்தான் மெலிந்தாங்கில் பிறந்தவர். என் கையில் இருக்கிற எந்த மீனையும் மீன் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்.

“இதெல்லாம் ஒரு நெத்திலியா? தூசி.”

அப்போது என் போனில் ஒரு குரல் செய்தி வந்தது. சுங்காய் ஆலையில் இருந்தவர்களின் பெண்டாட்டிகள் சேர்ந்து வைத்திருக்கிற குழு. சமையலும் சாமிப் படமுமாக வரும். நான் அமுக்கினேன்.

“அக்கா, அந்த நியூ கினி ஆலையில ஸ்டீம் பைப்பு வெடிச்சிருச்சாம். மலேசியாக்காரரு ஒருத்தருக்கு அடின்னு சொல்றாங்க. யாருன்னு தெரியல.”

முத்தம்மா அக்கா கையில் இருந்த நெத்திலியைக் கீழே போட்டார்.

சமையலறையில் காலண்டருக்குப் பின்னால் அந்த ஆலையின் ஆபீஸ் நம்பரை அவர் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். மீன் வாடையோடு அதை அமுக்கினேன். இரண்டு முறை விழவில்லை. மூன்றாவது முறை ஒரு பெண் எடுத்தாள். இங்கிலீஷில் ஆரம்பித்தாள். நான் மலாயில் “எனக்கு இங்கிலீஷ் தெரியாதும்மா,” என்றதும் அவளும் மலாய்க்கு மாறினாள். எங்கள் நாட்டுச் சபா மாநிலத்திலிருந்து அங்கே வேலைக்குப் போன பிள்ளையாம். சாமி ஒரு பக்கம் கதவை அடைத்தாலும் அந்தப் பிள்ளையை எனக்காக உட்கார்த்தி வைத்திருந்தது.

அவள்தான் கேட்டாள், பேர் என்ன என்று.

சொன்னேன்

ஐசி நகலை எடுத்தேன். போனில் எப்படி நீட்டுவது? முத்தம்மா அக்காவிடம் கொடுத்தேன்.

“படிங்க அக்கா. சத்தமா படிங்க.”

அக்கா நகலை மூக்குக்கு நேராகப் பிடித்தார். பிறகு கையை நீட்டிப் பிடித்தார். “கண்ணாடி வீட்ல இருக்கு.”

“உங்களுக்கு அவரு பேரு தெரியாதா?”

“பாய்லர் அண்ணேன்னுதானே எல்லாரும் கூப்டுறோம். நீ என்கிட்ட சொல்லு, நான் அந்தப் பொண்ணுகிட்ட சொல்றேன்.”

“உங்ககிட்ட சொல்றதா இருந்தா அவகிட்டயே சொல்லிருவேனே அக்கா!”

“மாக்சிக்,” என்றாள் அந்தப் பெண். “எனக்கு வேற போன் அடிக்குது. வச்சிரட்டுமா?”

சொன்னேன்.

நாற்பத்தொரு வருஷத்தில் முதல் தடவை. அவர் பேர், அதோடு மாமனார் பேர், ஒரே மூச்சில். நெற்றியில் வேர்த்துவிட்டது. முத்தம்மா அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

“என்ன?” என்றாள் அவள். “கேக்கல மாக்சிக். மறுபடியும்.”

அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்? மறுபடியும் சொன்னேன். இந்தத் தடவை பட்டறையில் இரும்பு அறுக்கிறவனுக்கே கேட்டிருக்கும்.

அவள் யாரிடமோ ஏதோ கேட்டாள். நாற்காலி நகர்கிற சத்தம். திரும்பி வந்தாள்.

“அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லியே மாக்சிக்.”

சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

வாயை மூடிக்கொண்டு இருந்த வரைக்கும் அந்த ஆள் இருந்தார். சொன்னேன், இல்லை என்கிறார்கள். மாமியார் பல்பொடிக் கரியோடு எதிரில் வந்து நின்ற மாதிரி இருந்தது.

“நல்லா பாரும்மா,” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது. “முந்தி இருந்தாரா? பேர அழிச்சிட்டாங்களா?”

“யாரையும் அழிக்கல. காயிதம் எல்லாம் டவுன் ஆபீஸ்ல இருக்கு. இங்க பேரு எழுதி வச்ச பலகைதான். மலேசியா ஆம்பளைங்க மூணு பேரு. லிம், அஹ்மட், வால்ட்டர்.”

“பைப்பு வெடிச்சிச்சாமே. யாருக்கு அடி?”

“வால்ட்டருக்கு.”

வால்ட்டர் யார் பெற்ற பிள்ளையோ, பாவம். வெள்ளைக்காரனாக இருக்கும். அவனுக்கு அடி என்றால் என் வீட்டுக்காரர் எங்கே?

வெள்ளிக்கிழமைத் தேங்காய்

அந்தப் பெண்ணுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும்.

“உங்க வீட்டுக்காரரு பாக்க எப்படி இருப்பாரு?”

எப்படி இருப்பார்? நாற்பத்தொரு வருஷமாகப் பார்த்த முகத்தை ஒருவர் திடீரென்று கேட்டால் என்ன சொல்ல முடியும்? “ரெண்டு கண்ணு இருக்கும்,” என்றேன். “மீச இருக்கும். கறுப்பா இருப்பாரு. என்னைவிட ஒரு கட்ட விரல் உயரம். எதச் சொன்னாலும் பிரஷர் பிரஷர்னு சொல்லுவாரு.”

“வால்ட்டர்தான் அப்படிச் சொல்லுவாரு,” என்றாள்.

“வால்ட்டரு வெள்ளைக்காரன் இல்லியா?”

அவள் சிரித்தாள். “வால்ட்டரா? இல்ல மாக்சிக். ஒங்க ஊர்க்காரருதான். வெள்ளிக்கெழமைன்னா பாய்லர் முன்னால ஒரு தேங்கா ஒடைப்பாரு. நெத்தியில வெள்ளையா பூசிக்குவாரு, பாய்லருக்கும் பூசிருவாரு. தேங்காய ஆலையே சேந்து தின்னும். இன்னிக்கி காலையிலகூட கையில கட்டோட வந்து ஒடைச்சாரு.”

சுங்காய் ஆலையில் முப்பது வருஷத்துக்கு மேல் அந்த வெள்ளிக்கிழமைத் தேங்காயைத் துருவி எங்கள் வீட்டில் சட்னி அரைத்திருக்கிறேன். கரி படிந்த, ஒரு பக்கம் புகை வாடை வீசுகிற தேங்காய்.

“அக்கா,” என்றேன். “நான் வால்ட்டர் பெண்டாட்டி.”

முத்தம்மா அக்கா எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து உடனே அழ ஆரம்பித்தார்.

“ஆளு நல்லா இருக்காராம்மா?” என்று போனில் கேட்டேன்.

“கையில கொஞ்சம் ஆவி அடிச்சிருக்கு. ரெண்டாம் நாளே வேலைக்கு வந்துட்டாரு. மழையில டவர் விழுந்திருச்சி, அதான் கைப்பேசி வேல செய்யல. இருங்க, கூப்டுறேன்.”

டெய்ஸி சின்னம்மா

அவர் பாய்லரை விட்டு ஆபீசுக்கு வர நேரமாகும். அதற்குள் டெய்ஸி சின்னம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

என் அம்மாவின் தங்கை அவர். தோட்டத்துத் துரை வீட்டில் பிள்ளை பார்த்தவர். துரை குடும்பம் சிங்கப்பூருக்கு மாறிப் போனபோது கூடவே கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே அவருக்கு டெய்ஸி என்று பேர் வைத்தார்கள். அவர்கள் சீமைக்குக் கப்பல் ஏறியதும் சின்னம்மா தோட்டத்துக்குத் திரும்பி, மறுபடியும் மரம் சீவப் போனார், பழைய பேரோடு.

டெய்ஸி என்கிற பேரை வேறு யாரும் சொல்ல விடமாட்டார். நாங்கள் சின்னப் பிள்ளைகள் “டெய்ஸி” என்று கூப்பிட்டுவிட்டு ஓடினால் கட்டையை எடுத்துக்கொண்டு துரத்துவார். ஆனால் சித்தப்பாவோடு சண்டை வந்தால் அவரே எடுத்துவிடுவார். “நான் டெய்ஸியா இருந்தப்ப என்னைய ஒருத்தன் ஒரு வார்த்த பேசினதில்ல!” என்று லயமே கேட்கச் சொல்வார். டெய்ஸியிடம் ஒரு குடை இருந்ததாம். டெய்ஸி ஞாயிற்றுக்கிழமை ஐஸ்கிரீம் சாப்பிடுவாளாம். எங்கள் சின்னம்மாவுக்கு அதெல்லாம் கிடையாது. இரண்டு பேரும் அக்கா தங்கை என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதனால் இங்கிலீஷ் பேர் எங்கள் குடும்பத்துக்குப் புதிது இல்லை. என் வீட்டுக்காரருக்கும் ஒன்று வரும் என்று மட்டும் நான் நினைக்கவில்லை.

புதுச் சட்டை

போன் வழியாக அந்தப் பெண் வாக்கி டாக்கியில் கூப்பிடுவது எனக்குக் கேட்டது.

“வால்ட்டர், வால்ட்டர். ஆபீஸ்.”

கரகரவென்று சத்தம். பிறகு, “வால்ட்டர் கமிங்.”

அவர் குரல்தான். அந்தக் கரகரப்புக்கு நடுவிலும் அவர் குரல்தான். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். இரண்டே தடவை கூப்பிட்டதும் வருகிறாராம். வீட்டில் சோறு ஆறிப்போய், நான் ஐந்து தடவை “ஏங்க” என்றால் ஆறாவது தடவைதான் “ம்?” என்பார்.

கொஞ்ச நேரத்தில் போனை எடுத்தார். மூச்சு வாங்கியது.

“அலோ. வால்ட்டர் ஸ்பீக்கிங்.”

“வால்ட்டர் பெண்டாட்டி பேசுறேன்,” என்றேன்.



“யாரு செத்தா?”

“நீங்கதான். அரமணி நேரமா செத்துக் கெடக்குறீங்க. முத்தம்மா அக்கா அழுதே முடிச்சிட்டாங்க.”

“அடச்சீ. லூசா நீங்க ரெண்டு பேரும்?”

“கை எப்டி இருக்கு?”

“கையா? அது யாரு சொன்னா? ஒண்ணும் இல்லலா. தோசக் கல்லுல நீ சுட்டுக்குவியே, அந்த மாதிரி. மருந்து போட்டுட்டாங்க.”

“சத்தியமா?”

“சத்தியமாலா.”

 அப்படியே தரையில் உட்கார்ந்தேன், நெத்திலித் தட்டுக்குப் பக்கத்தில்.

“அது என்னா வால்ட்டரு?”

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “வந்த மொத நாளு வேல சட்ட குடுத்தாங்க. புதுசு கப்பல்ல வரணுமாம். முந்தி இருந்தவன் ஒருத்தன் விட்டுட்டுப் போனது. நெஞ்சில வால்ட்டர்னு தச்சிருந்திச்சி. எனக்கு அளவு சரியா இருந்திச்சி. சட்டையப் படிச்சிட்டு எல்லாரும் அப்படியே கூப்ட ஆரம்பிச்சிட்டானுங்க.”

“நான் வால்ட்டர் இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“ஒரு வாரம் சொன்னேன் புள்ள. வாக்கி டாக்கில கூப்டணும். பிரஷர் முள்ளு ஏறிக்கிட்டே இருக்கும். என் பேர முழுசா சொல்லி முடிக்கிறதுக்குள்ள பாய்லரு பறந்துரும். வால்ட்டர்னா சட்டுனு வாயில வருது.”

“புதுச் சட்ட வந்திச்சா இல்லியா?”

“வந்திச்சி. நாலு மாசம் கழிச்சி.”

“அதுல என்னா பேரு?”

“வால்ட்டர்னே தச்சி அனுப்பிட்டானுங்க.”

சிரித்தேன். கண்ணில் தண்ணீர் கொட்ட, மூக்கு ஒழுகச் சிரித்தேன். முத்தம்மா அக்காவுக்கு எதற்கு என்று தெரியாது, இருந்தாலும் கூடச் சிரித்தார்.

“இத்தன மாசம் என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீ சும்மா இருப்பியா? பத்திரிகையில எழுதிருவே.”

எழுதித்தான் விட்டேன், பாருங்கள்.

சும்மாதான்

வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

“நீ என்னா பேரு சொல்லி கேட்ட?”

“ஐசில உள்ளத.”

“முத்தம்மா சொன்னாங்களா?”

“அவங்களுக்கு கண்ணாடி இல்ல.”

“குமாரு?”

“வேலைக்குப் போயிட்டான்.”

அவர் யோசிப்பது எனக்கு இங்கே கேட்டது. பாய்லர்காரர், ஒவ்வொரு குழாயாக அடைத்துப் பார்த்துத்தான் ஓட்டை எங்கே என்று கண்டுபிடிப்பார்.

“அப்ப நீதான் சொன்னியா? இந்தப் பொண்ணு சொல்றா, ஒரு மாக்சிக் ரெண்டு தடவ சொன்னாங்களாம், ரெண்டாவது தடவ காதே அடைச்சிருச்சாம்.”

“லைனு சரியில்ல. அதான் சத்தமா சொன்னேன்.”

“ஆயுசு?”

“செத்தவங்க பேரச் சொல்லலாம், குத்தமில்ல.”

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

“இந்தா,” என்றார். “பைப்பு வெடிச்ச அன்னிக்கி மருந்து போடுற ரூம்ல பேரு கேட்டாங்க. புத்தகத்துல எழுதணுமாம். நான் வால்ட்டர்னு சொன்னேன். அவனும் எழுதிட்டான். கையில கட்டு போட்டு முடிச்சி வெளிய வந்த பெறகுதான் எனக்கே ஞாபகம் வந்திச்சி, அது என் பேரு இல்லன்னு.”

நான் நெத்திலித் தட்டைத் தள்ளி வைத்தேன்.

“திரும்பிப் போயி மாத்தச் சொல்லலாம்னு பாத்தேன். அப்பறம் எதுக்குன்னு விட்டுட்டேன். ஆனா மனசு ஒரு மாதிரியா இருக்கு புள்ள. ஏழு மாசமா ஒருத்தன் வாயிலயும் அது வரல. நீயும் வீட்ல சொல்லமாட்டே. குமாரு அப்பான்னு சொல்லுவே. எங்க அம்மா போனதுக்கு அப்பறம் அந்தப் பேர யாரு சொன்னா, சொல்லு.”

எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. ஆலையில் பாய்லர் அண்ணே. தெருவில் பாய்லர் அண்ணே. வதனிக்கு மாமா. எனக்கு ஏங்க.

“ஒரு தடவ சொல்லேன்,” என்றார். “என் காதால நான் கேக்கல. அந்தப் பொண்ணுதானே கேட்டுச்சி.”

முத்தம்மா அக்கா காதை என் தோள் வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்.

“அக்கா, அடுப்புல பாலு பொங்குது பாருங்க,” என்றேன்.

“அய்யய்யோ,” என்று அக்கா ஓடினார். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை.

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். போனை வாயோடு ஒட்டி, மெதுவாகச் சொன்னேன். மாமனார் பேர் இல்லாமல், அவர் பேர் மட்டும்.

 லைன் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

“என்னா?” என்றார், பக்கத்து அறையிலிருந்து கேட்கிற மாதிரி.

“ஒண்ணும் இல்ல,” என்றேன். “சும்மாதான் கூப்ட்டேன்.”